நீங்களே வயரிங் செய்யலாம்: முத்துநகர்வாசிகளுக்கு ஒரு கையேடு

முதலில் ஒரு டெஸ்டர் வாங்குங்கள். மல்டிமீட்டர், மெக்கர் என்றெல்லாம் போக வேண்டாம். அவை தொழில் தெரிந்தவர்களுக்கு. சட்டைப் பையில் பேனா மாதிரிச் செருகிக்கொள்ளும் டெஸ்டர் போதும். அது பைக்கு வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தால் தெருவில் பாதிப் பேர் உங்களை எலெக்ட்ரீஷியன் என்று நம்பிவிடுவார்கள். அந்தப் பாதியில் நீங்களும் ஒருவர் என்பதுதான் முக்கியம். நம்பிக்கை இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்க முடியாது.

டெஸ்டருக்குள் ஒரு சின்ன நியான் பல்பும், ஏறக்குறைய பத்து லட்சம் ஓம் தடை உள்ள ரெசிஸ்டர் ஒன்றும் இருக்கும். நுனியை ஃபேஸில் வைத்து, பின்பக்கத் தகட்டில் விரலை வைத்தால், கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவான கரண்ட் அந்தப் பல்பு வழியாகப் போய், உங்கள் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கும். பல்பு எரியும். ஆக, வேலை தொடங்கும் முன்பே நீங்கள் சர்க்யூட்டில் ஒரு பாகம் ஆகிவிட்டீர்கள். வாழ்த்துகள். பல்பு எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று முடிவு கட்டுங்கள். நியான் செத்துப்போயிருக்கலாம், தூத்துக்குடி உச்சி வெயிலில் அந்த மினுக்கம் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தால் வேலை ஆகாது.

அடுத்தது குரு. நம் ஊரில் இதற்குப் பஞ்சமே கிடையாது. எல்லாக் குடும்பத்திலும் ‘தெர்மல்ல இருந்த’ ஒரு சித்தப்பாவோ பெரியப்பாவோ இருப்பார். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே அனல்மின் நிலையம்: 210 மெகாவாட் யூனிட்டுகள் ஐந்து, மொத்தம் 1,050 மெகாவாட். முதல் யூனிட் ஓடத் தொடங்கியது 1979-இல். ஹால்தியாவிலிருந்தும் பாரதீப்பிலிருந்தும் கப்பலில் வரும் நிலக்கரியை எரித்து, ஜெனரேட்டரில் 15.75 கிலோவோல்ட்டாகப் பிறக்கும் மின்சாரத்தை 230 கிலோவோல்ட்டாக ஏற்றி வெளியே அனுப்புகிறார்கள். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். நடுவில் ஒரு ‘கிலோ’தான் குறைந்திருக்கிறது, இதில் என்ன பெரிய வித்தை என்று சித்தப்பா கேட்பார். அவர் அங்கே நிலக்கரி இறக்கும் கணக்கு எழுதியவர், கேண்டீன் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் என்பதையெல்லாம் கிளறாதீர்கள். கரண்ட் தயாராகும் இடத்தில் முப்பது வருஷம் டீ குடித்தவருக்குக் கரண்டைப் பற்றித் தெரியாதா? 2025 மார்ச்சில் அந்த நிலையத்திலேயே கேபிள்களில் தீப்பிடித்துச் சில யூனிட்டுகள் நின்றுபோனதைப் பற்றிக் கேட்டால் அவர் பேச்சை மாற்றிவிடுவார். நீங்களும் மாற்றிவிடுங்கள்.

இனி மெயினை ஆஃப் செய்ய வேண்டும்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பைப் பற்றி எழுதும்போது மீன் கட்டுகிறவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். தண்ணீருக்குள் இறங்குகிறவர்களைப் பெரிய மீன்கள் தீண்டாமல் மந்திரத்தால் கட்டுவது அவர்கள் வேலை; எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி. அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள், ராத்திரியில் எவனும் திருட்டுத்தனமாக இறங்கிவிடக் கூடாது என்று. பின்னாளில் இங்கே அவர்களைக் கடல்கட்டி என்றார்கள். வெள்ளைக்காரன் நடத்திய முத்துச் சலாபங்களில்கூட அவர்களுக்கு இடம் இருந்தது. கடல்கட்டி வராமல் குளியாட்கள் படகை விட்டு இறங்க மாட்டார்கள். சுறா மந்திரத்துக்குக் கட்டுப்பட்டதோ இல்லையோ, ‘இப்போது கட்டியிருக்கிறது, இப்போது அவிழ்த்திருக்கிறது’ என்பதைச் சொல்ல ஓர் ஆள் பொறுப்பாக இருந்தார். ஈ.பி. லைன்மேன்கள் ‘எல்.சி. வாங்கியாச்சா?’ என்று கேட்டுக்கொள்வதும் இதே கேள்விதான். லைன் கிளியர் வாங்காமல் கம்பத்தில் ஏறக் கூடாது. தெருவில் வேலை நடக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி, அங்கேயே வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். ஒருவர் தன் பையிலேயே போட்டுக்கொள்வார். அது அவர் பையில் இருக்கும் வரை அந்த லைனுக்கு யாரும் உயிர் கொடுக்க முடியாது.

உங்களுக்கு அவ்வளவு சம்பிரதாயம் வேண்டாம். மெயினை இறக்கிவிட்டு மாடிக்குப் போய்விடுங்கள். கீழே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த மச்சான், திடீரென்று டிவி ஏன் அணைந்தது என்று எழுந்து வருவார். பெட்டியைத் திறப்பார். ‘அட, டிரிப் ஆகியிருக்கு’ என்று தூக்கிவிடுவார். அந்த நேரம் உங்கள் இடது கையில் ஒரு வயரும், பற்களுக்கு நடுவே இன்னொரு வயரும் இருக்கும்.

மச்சானைக் குறை சொல்லக் கூடாது. ‘மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்’ என்பது தேன் எடுக்கப் போகிறவர்கள் சொல். நம் கடலிலும் அதே கதைதான். முத்துக் குளிக்க இறங்குகிறவன் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு அடியில் போவான். மேலே படகில் அவன் கயிற்றைப் பிடித்திருப்பது மனைவியின் அண்ணனோ தம்பியோ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அக்கா தங்கச்சி தாலிக்குப் பயந்து கயிற்றை விட மாட்டான் என்பது கணக்கு. மூச்சு முட்டும்போது கீழே ஒரு இழுப்பு, மேலே கை உடனே வேலை செய்ய வேண்டும். பெரிய அளவில் சலாபம் நடந்தது 1961-ஓடு முடிந்துவிட்டது; மச்சான்கள் மட்டும் அப்படியே இருக்கிறார்கள், கையில் கயிற்றுக்குப் பதில் ரிமோட்டோடு. இந்தக் கரையில் உயிரைப் பணயம் வைக்கும் எந்த வேலையையும் யாரும் தனியாகச் செய்ததில்லை. வீட்டு வயரிங்கை மட்டும்தான் நாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, தனியாகச் செய்கிறோம்.

மெயினை இறக்கியாயிற்று, வீட்டில் கரண்டே இல்லை என்று நினைத்தால் இன்வெர்ட்டர் சிரிக்கும். மெயின் போன அந்த நொடியிலேயே அது விழித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை ஃபேன், லைட் லைன்களுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கும். அதன் வேலையே அதுதான். அதையும் தனியாக அணைக்க வேண்டும் என்பது வயர்மேன்களுக்குத் தெரியும். நாம் வயர்மேன் இல்லையே.

வயர் வாங்கும்போது நிறத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கடை அண்ணாச்சியிடம் மிச்சமிருந்த பச்சைச் சுருளைப் பாதி விலைக்குக் கேட்டு வாங்கி, வீடு முழுக்க அதையே இழுங்கள். இருபது வருஷம் கழித்து ஒரு வயர்மேன் வந்து, பச்சை என்பதால் எர்த் என்று நினைத்துத் தொடுவார். அதற்குள் நீங்கள் வீட்டை விற்றிருப்பீர்கள்.

கம்பியின் தடிமன் விஷயத்திலும் சிக்கனம் உண்டு. லைட்டுக்கு ஒன்றரை ஸ்கொயர், பவர் பிளக்குக்கு இரண்டரை, ஏ.சி.க்கு நாலு என்று கடையில் சொல்வார்கள். அவர்கள் வியாபாரிகள், அப்படித்தான் சொல்வார்கள். இரண்டாயிரம் வாட் கீசர் ஒன்று ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். அதே லைனில் இஸ்திரிப் பெட்டியையும் மிக்ஸியையும் சேருங்கள். சுவரைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். மார்கழிக்கு இதம்.

இனி ஜாயின்ட். இதுதான் நம்மவர்களின் கைவண்ணம் வெளிப்படும் இடம். இரண்டு முனையிலும் பல்லால் கடித்துத் தோலை உரித்து, செம்பு இழைகளை ஒன்றோடொன்று முறுக்கி, மேலே கறுப்பு டேப்பை நாலு சுற்று. அவ்வளவுதான். டேப்பின் பசை நம் ஊர் வெயிலில் ஒரு கோடையிலேயே இளகி, ஓரம் விரிந்துவிடும். அந்த இடுக்கில் உப்புக் காற்று நுழையும். கடற்கரை வீடுகளில் ஜன்னல் கம்பி, கேட், சைக்கிள் செயின் எல்லாம் என்ன ஆகிறதோ அதுதான் டேப்புக்குள்ளும் நடக்கும். பளபளவென்றிருந்த செம்பு முதலில் கறுக்கும், பிறகு பச்சையாகக் களிம்பு பூக்கும். களிம்பு ஏறிய இடத்தில் கரண்ட் சரளமாகப் போகாது. தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் முறுக்கு தளரும், தளர்ந்தால் பொறி. சுவிட்ச் போர்டுக்குள்ளிருந்து ‘ட்ஸ்’ என்று ஒரு சத்தம் வரும். பல்லி என்று நினைத்துக்கொள்வது பெரும்பாலோர் வழக்கம். பழைய வீடுகளில் அலுமினிய வயர் கிடக்கும். அதோடு புதுச் செம்பு வயரை நேராக முறுக்கினால் இன்னும் விசேஷம். இரண்டு உலோகம், நடுவில் உப்பு ஈரம்: உங்கள் சுவருக்குள்ளேயே ஒரு சின்ன பேட்டரி உருவாகி, அலுமினியத்தை அரித்துத் தின்னத் தொடங்கும்.

இந்தக் கலையின் உச்சம் டிசம்பரில் தெரியும். திரேஸ்புரத்திலிருந்து இனிகோ நகர் வரை வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் ஸ்டார். படுக்கையறை பிளக்கிலிருந்து ஒரு ரெட்டை வயர் புறப்பட்டு, ஜன்னல் இடுக்கில் நசுங்கி, கொடிக்கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, மொட்டைமாடி மூங்கிலில் ஏறி, ஸ்டாரை அடையும். வழியில் மூன்று ஜாயின்ட். மூன்றாவதில் டேப் தீர்ந்துவிட்டதால் பாலிதீன் கவர். வடகிழக்குப் பருவமழையும் அந்த மாதத்தில் ஓய்ந்திருக்காது. ஈரத்துணி காயப்போடப் போகும் அம்மா, வயர் உரசும் அந்தக் கொடிக்கம்பியைத் தொட வேண்டும். ஜூலை 26-இல் பனிமய மாதா கோயில் கொடியேறும்போது போடும் சீரியல் செட்டாவது மழை இல்லாத மாதத்தில் எரிகிறது.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? ஃபியூஸுக்கு ரோஷம் அதிகம். ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் வயர், சுமை மீறினால் உருகிச் செத்து வீட்டைக் காப்பாற்றும். இதைத் தடுக்க, ஒன்றரை ஸ்கொயர் வயரையே ஒரு துண்டு வெட்டி, தோலுரித்து கேரியரில் மாட்டுங்கள். நூறு ஆம்பியர் பாய்ந்தாலும் அது அசைந்து கொடுக்காது. ஃபியூஸ் இனி போகவே போகாது. அதற்குப் பதில் எது உருக வேண்டுமோ அது உருகும்: சுவருக்குள் பைப்பில் இருக்கும் வயர்.

எர்த் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு யோகம் இருக்கிறது. இரண்டரை மீட்டர் இரும்புக் குழாயைக் குழியில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறிப் போட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றி வர வேண்டும் என்பது பழைய முறை. உப்பு எதற்கு? மண்ணின் தடையைக் குறைத்து, கசியும் மின்சாரம் சட்டென்று பூமிக்குள் இறங்க வழி செய்வதற்கு. மற்ற ஊர்க்காரர்கள் மூட்டை கட்டி வாங்கிப் போடும் உப்பு, முத்தையாபுரம் பக்கமெல்லாம் பாத்தி பாத்தியாக விளைகிறது. கடலோர மண்ணே உப்பில் ஊறிக் கிடக்கிறது. எர்த்துக்கு இதைவிடத் தோதான மண் கிடையாது. ஆனால் அதே உப்பு அந்தக் குழாயைச் சும்மா விடாது. சில வருஷத்தில் மேலே நட்டும் போல்ட்டும் பத்திரமாக இருக்க, கீழே குழாய் துருப்பொடியாகிப் போயிருக்கும். மண்ணைத் தோண்டிப் பார்க்கிறவர் யார்? எர்த் டெஸ்டர் வைத்து அளக்கிறவர் யார்?

குழியே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மூன்று பின் பிளக்கில் எர்த் துளையையும் நியூட்ரல் துளையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. டெஸ்டரில் இரண்டும் ஒரே மாதிரிதான் காட்டும்: இரண்டிலும் எரியாது. எல்லாம் நன்றாகத்தான் ஓடும், கடற்காற்றில் கம்பத்தில் நியூட்ரல் வயர் அறுந்து விழும் நாள் வரை. அன்று ஃபேஸிலிருந்து ஃப்ரிட்ஜுக்குள் போன கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாமல், உங்கள் துண்டு வயர் வழியாக ஃப்ரிட்ஜின் உடம்புக்கே வந்து நிற்கும்.

“எப்பா, ஃப்ரிட்ஜத் தொட்டா சுர்ருங்குது.”

“செருப்பு போட்டுட்டுத் தொறல.”

தூத்துக்குடியில் எத்தனையோ வீட்டு அடுப்படியில் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு நிரந்தரமாகக் கிடப்பதைப் பார்க்கலாம். விருந்தாளிகள் அது ஏதோ ஆசாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டில் இருநூறு மில்லி ஆம்பியருக்கு மேல் பாயும். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிக்கொள்ளும். கத்தரி வெயிலில் வேர்த்து வழியும் ஊரில் உலர்ந்த உடம்பு என்று ஒன்று இருக்கிறதா என்ன.

இதற்கெல்லாம் எதிரி ஒன்று இருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்று ஒரு பெட்டி, ஈ.எல்.சி.பி. என்றும் பழக்கத்தில் சொல்வோம். ஃபேஸில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது மட்டும்தான் அதன் வேலை. முப்பது மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யாரோ ஒருவரின் உடம்பு வழியாக வெளியே போகிறது என்று கருதி, கண் இமைப்பதற்குள் லைனை வெட்டிவிடும். வீட்டுக்குள் கயிறு பிடிக்கிற ஆள் என்று ஒன்றைச் சொல்ல முடியுமானால் அது இதுதான். ஆகவே அமெச்சூர் வயர்மேன் முதலில் தூக்கி எறிய வேண்டியதும் இதைத்தான். மழை பெய்தால் டிரிப் ஆகிறது, மோட்டார் போட்டால் டிரிப் ஆகிறது, ஒரே தொல்லை என்று வீட்டில் புகார் வரும். எங்கோ சுவர் ஈரத்தில் கரண்ட் கசிகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அதைத் தேடாதீர்கள். பெட்டியைக் கழற்றிவிட்டு லைனை நேராக இணைத்துவிடுங்கள். அப்புறம் மழைக்கும் வீட்டுக்கும் சண்டையே வராது.

2023 டிசம்பர் 17, 18-ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. தூத்துக்குடியில் முத்தம்மாள் காலனி, பிரையண்ட் நகர்ப் பக்கமெல்லாம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. ஈ.பி.காரர்கள் லைனை நிறுத்தி வைத்தார்கள், நாம் திட்டினோம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அழகுக்காக வைத்த பிளக் பாயிண்ட்டுகள் எல்லாம் மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு போர்டுக்கு வெளியே துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். உள்ளே பைப் நெடுக வண்டலும் உப்பும் தங்கியிருக்கும். அந்த நிலையில் தொழில் தெரிந்தவர் மெக்கரை எடுத்து, 500 வோல்ட் கொடுத்து, இன்சுலேஷன் ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் நிற்கிறதா என்று லைன் லைனாகப் பார்ப்பார். நிற்காத லைனைத் துண்டித்துவிட்டு, வயரை உருவி மாற்றச் சொல்வார். அமெச்சூருக்கு அவ்வளவு பொறுமை ஏது? மகளின் ஹேர் டிரையரை எடுத்து போர்டுக்குப் பத்து நிமிஷம் காட்டுவார். ஹேர் டிரையருக்குக் கரண்ட் எங்கிருந்து என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து, தண்ணீருக்கு மேலே ஒரு வயர் வந்திருக்கும்.

கடைசியாக ஒரு அறிகுறியைச் சொல்கிறேன், உங்கள் வேலையின் தரத்தை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். ராத்திரி எல்.இ.டி. பல்பை அணைத்த பிறகும் அது மங்கலாக மினுங்கிக்கொண்டே இருக்கிறதா? பயந்து திருநீறோ தீர்த்தமோ தெளிக்க வேண்டாம். வேறு காரணங்களும் உண்டு என்றாலும், நீங்கள் செய்த வயரிங் என்பதால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்: சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டுவிட்டீர்கள். பல்பு அணைந்திருக்கிறது, ஹோல்டரில் ஃபேஸ் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டோமே என்று ஸ்டூலில் ஏறி ஹோல்டருக்குள் விரலை விடுகிறவருக்கு அது தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1956-இன் இந்திய மின்சார விதிகளிலேயே தெளிவாக இருந்தது. அவற்றின் இடத்தில் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அதுவே தொடர்கிறது. புது வயரிங், கூடுதல் பாயிண்ட், மாற்றம், பழுது எதுவானாலும் அரசு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று உள்ள ஒருவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். அந்தச் சான்றுகளைத் தருவதற்கென்றே தமிழ்நாட்டில் ஓர் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. வயர்மேனுக்கு உதவியாளாக நிற்பதற்குக்கூடத் தனிச் சான்று உண்டு. பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று பேசி வரும் வயர்மேனிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். ஆர்.சி.சி.பி. மாட்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள். மாட்டியிருந்தால் அதில் ‘டி’ என்று எழுதிய பட்டனை மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள், டிரிப் ஆக வேண்டும். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் ஈ.பி.யின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் அந்த விதி ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. வயரிங்கின் திறனையும் தன்மையையும் மாற்றாத வரை பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். பல்பை மாற்றுங்கள். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு மாற்றுங்கள்.